ஆஃபர் லெட்டர் வந்தாச்சு... பழைய வேலை 'வெரிஃபை' ஆகலையா? பின்னணிச் சரிபார்ப்பில் என்ன நடக்கிறது? முழு விளக்கம்

இன்டர்வியூ முடிஞ்சாச்சு. ஆஃபர் லெட்டரும் வந்தாச்சு. பழைய கம்பெனியில் ராஜினாமா கடிதமும் கொடுத்தாச்சு. இனி வேலையில் சேர வேண்டியதுதான் பாக்கி என்று நினைக்கும் நேரத்தில் ஒரு மெயில் வருகிறது. 'நீங்கள் குறிப்பிட்ட முந்தைய வேலையை எங்களால் உறுதி செய்ய முடியவில்லை. 48 மணி நேரத்துக்குள் கூடுதல் ஆவணங்களை அனுப்பவும்.'

"நான் நிஜமாவே அங்கதான் வேலை பார்த்தேன். அப்புறம் எப்படி உறுதி செய்ய முடியலைன்னு சொல்றாங்க?" இந்த இடத்தில் பலருக்கும் வரும் கேள்வி இதுதான்.

பதில் கொஞ்சம் கசப்பானது. வேலைக்கு முந்தைய சரிபார்ப்பு, நீங்கள் எவ்வளவு உழைத்தீர்கள் என்று பார்ப்பதில்லை. உங்கள் உழைப்பு எங்காவது பதிவாகி இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. அந்தப் பதிவைப் போட வேண்டியது முதலாளி. போடாமல் விட்டால் மாட்டிக்கொள்வது தொழிலாளி.

இந்தச் சரிபார்ப்பு எப்படி நடக்கிறது, யாருக்கு அதிகம் சிக்கல், சட்டம் என்ன சொல்கிறது, முன்கூட்டியே என்ன செய்யலாம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பின்னணிச் சரிபார்ப்பு என்றால் என்ன?

ஹெச்ஆர் வட்டாரத்தில் இதை 'பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்', சுருக்கமாக 'பிஜிவி' என்கிறார்கள். முகவரி, படிப்புச் சான்று, குற்ற வழக்குகள், அடையாள அட்டை, முந்தைய வேலை என்று பல பிரிவுகள் இதில் உண்டு. பெரிய நிறுவனங்கள் இதைத் தாங்களே செய்வதில்லை; இதற்கென்றே இருக்கும் ஏஜென்சிகளிடம் கொடுத்துவிடுகின்றன.

இதில் அதிகம் இழுபறியாவது முந்தைய வேலை பற்றிய பகுதிதான். படிப்புச் சான்று என்றால் பல்கலைக்கழகத்தில் பதிவு இருக்கும். ஆனால் நான்கு வருடத்துக்கு முன் மூடிப்போன ஒரு சின்ன கம்பெனியில் யாரைப் போய்க் கேட்பது?

பழைய நிறுவனத்திடம் ஏஜென்சி கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான்:

* எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தத் தேதியில் விலகினார்?
* பதவியின் பெயர், பணியாளர் எண் என்ன?
* கடைசியாக வாங்கிய சம்பளம் எவ்வளவு?
* அவராக விலகினாரா, நீக்கப்பட்டாரா?
* விலகும் நடைமுறைகளை முடித்தாரா, ஏதும் பாக்கி இருக்கிறதா?
* ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா?
* மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா?

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நான்கு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, நேரடியாகக் கேட்பது. பழைய கம்பெனியின் அதிகாரபூர்வ மெயிலுக்கு எழுதுவார்கள் அல்லது போன் செய்வார்கள். நீங்கள் கொடுக்கும் மேலாளரின் செல்போன் எண்ணையும் ஜிமெயில் முகவரியையும் மட்டும் நம்பிவிட மாட்டார்கள். நண்பரையே மேலாளராக நடிக்க வைக்கும் வித்தை பழசாகிவிட்டது.

இரண்டாவது, ஆவணங்கள். ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டு, ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று. இவற்றில் உள்ள தேதிகளும் பதவிப் பெயர்களும் பயோடேட்டாவோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள்.

மூன்றாவது, பிஎஃப் பதிவு. இப்போது அதிகம் நம்பப்படுவது இதுதான். 2014-ல் யுஏஎன் எனப்படும் 12 இலக்க எண் அறிமுகமானது. அதற்கு முன்பு ஒவ்வொரு கம்பெனியிலும் தனித்தனி பிஎஃப் கணக்கு. யுஏஎன் வந்தபிறகு ஒருவர் எத்தனை நிறுவனம் மாறினாலும் எல்லாக் கணக்கும் ஒரே எண்ணுக்குக் கீழே வந்து சேர்கிறது. அதில் 'சர்வீஸ் ஹிஸ்டரி' என்று ஒரு பக்கம் இருக்கிறது. எந்த நிறுவனம், சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் வரிசையாக நிற்கும்.

நான்காவது, வருமான வரிப் பதிவு. சம்பளத்தில் வரி பிடித்திருந்தால், பிடித்த நிறுவனத்தின் பெயர் படிவம் 26ஏஎஸ்-ல் வந்துவிடும். பிஎஃப் இல்லாத வேலையாக இருந்தால் சில ஏஜென்சிகள் இதைக் கேட்கின்றன.

இது தவிர, ஐடி துறைக்கென்று நாஸ்காம் 2006-ல் தொடங்கிய 'நேஷனல் ஸ்கில்ஸ் ரெஜிஸ்ட்ரி'யும் இருக்கிறது. ஒருமுறை சரிபார்த்த படிப்பு, வேலை விவரங்களைக் கைரேகையோடு சேர்த்து வைத்து, பணியாளர் அனுமதித்தால் அடுத்த நிறுவனமும் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

2022-ல் என்ன நடந்தது?

கொரோனா காலத்தில் ஆபீஸ் பக்கமே போகாமல் வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஏராளம். இன்டர்வியூவும் லேப்டாப் வழியே, வேலையும் லேப்டாப் வழியே. அதன் பின்விளைவுகள் 2022-ல் வெளியே வந்தன.

அந்த ஆண்டு செப்டம்பரில், விப்ரோவில் வேலை பார்த்துக்கொண்டே போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்த 300 பேர் கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்டதாக அதன் செயல் தலைவர் ரிஷத் பிரேம்ஜி பொது நிகழ்ச்சியிலேயே தெரிவித்தார். 'மூன்லைட்டிங்' என்ற சொல் நம்ம ஊர் டீக்கடை வரைக்கும் வந்தது அப்போதுதான். ஒரே மாதத்தில் ஒரே யுஏஎன்னில் இரண்டு நிறுவனங்களின் பிஎஃப் பணம் விழுந்தால் தெரிந்துவிடுமே என்ற பேச்சும் அப்போது பரவலானது.

நவம்பரில் அக்சென்ச்சர் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. இல்லாத நிறுவனங்களின் பெயரில் அனுபவச் சான்றுகளும் ஆவணங்களும் தயாரித்து இந்தியாவில் தங்களிடம் வேலை வாங்கும் ஒரு மோசடியைக் கண்டுபிடித்ததாகவும், அதில் உறுதி செய்யப்பட்டவர்களை வெளியேற்றிவிட்டதாகவும் சொன்னது. எத்தனை பேர் என்று சொல்லவில்லை.

இல்லாத நிறுவனம் என்றால் எப்படி? பெயர்ப் பலகை, வெப்சைட், போன் எடுக்க ஓர் ஆள். பணம் கொடுத்தால் மூன்று வருட 'அனுபவம்' ரெடி. ஏஜென்சி போன் செய்தால் "ஆமாங்க, எங்ககிட்டதான் வேலை பார்த்தார்" என்று பதிலும் வரும். இந்த மாதிரி ஆட்கள் பெருகியதால்தான் போன் பதிலை நம்புவதை விட்டுவிட்டு, கம்பெனிகள் பிஎஃப் பதிவின் பக்கம் சாய்ந்தன.

பொய் சொல்பவரைப் பிடிக்க இறுக்கிய வலை இது. உண்மை சொல்பவரும் இதில் சிக்குகிறார் என்பதுதான் பிரச்னை. எப்படி என்று பார்க்க, சென்னையை விட்டுக் கொஞ்சம் தள்ளி வர வேண்டும்.

நைனார்பாளையத்தில் இருந்து பார்த்தால்...

கள்ளக்குறிச்சி மாவட்டம், சின்னசேலம் வட்டத்தில் இருக்கிறது நைனார்பாளையம். 2019 நவம்பர் 26-ல் விழுப்புரத்தில் இருந்து பிரிந்து தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. மரவள்ளி, கரும்பு, மக்காச்சோளம், நெல் என விவசாயத்தை நம்பிய பகுதி. படித்த பிள்ளைகள் மாதச் சம்பள வேலைக்கு என்றால் சென்னை, பெங்களூரு, கோவை, திருப்பூர் என்று கிளம்ப வேண்டும்.

ஓர் உதாரணத்துக்கு, இங்கிருந்து டிப்ளமோ முடித்த ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். முதல் ஒரு வருஷம் உள்ளூர் ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறார். சம்பளம் கையில் ரொக்கம். அடுத்து இரண்டு வருஷம் ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலை. அப்புறம் சென்னையில் ஒரு பிபிஓ. இப்போது ஒரு பெரிய நிறுவனத்தில் ஆஃபர் கிடைக்கிறது. மூன்று வேலையும் உண்மை. சரிபார்ப்பில் என்ன ஆகும்?

முதல் வேலை: ஒரு தடயமும் இருக்காது. 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனத்துக்குத்தான் பிஎஃப் கட்டாயம். அதற்குக் கீழே என்றால் கணக்கே தொடங்க வேண்டியதில்லை. சம்பளம் ரொக்கமாக வந்ததால் வங்கிப் பதிவும் கிடையாது. வரி பிடிக்கிற அளவுக்குச் சம்பளமும் இல்லை என்பதால் 26ஏஎஸ்-லும் ஒன்றும் இருக்காது. ஆலை முதலாளி தரும் லெட்டர்பேடு கடிதம் ஒன்றுதான் ஆதாரம்.

இரண்டாவது வேலை: இங்கேதான் பலர் விழுகிறார்கள். ரெஸ்யூமேயில் அந்தத் தொழிற்சாலையின் பெயரை எழுதியிருப்பார். தினமும் அந்த கேட்டுக்குள்தானே போய் வந்தார்! ஆனால் பிஎஃப் பதிவில் இருப்பது அவரை வேலைக்கு வைத்த கான்ட்ராக்டரின் பெயர். ஏஜென்சி தொழிற்சாலையைக் கேட்டால், "இந்தப் பெயரில் எங்கள் பணியாளர் யாரும் இல்லை" என்று பதில் வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த இளைஞரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அறிக்கையில் 'முரண்பாடு' என்று விழும்.

இடையில் கான்ட்ராக்டர் மாறியிருந்தால் சிக்கல் இரட்டிப்பு. அதே மெஷின், அதே ஷிப்ட், அதே கேன்டீன் சாப்பாடு. ஆனால் பதிவில் இரண்டு வேறு நிறுவனங்கள், நடுவில் ஒரு மாத இடைவெளி வேறு.

மூன்றாவது வேலை: பிஎஃப் பிடித்தார்கள், சம்பளச் சீட்டும் இருக்கிறது. ஆனால் விலகிய தேதியை அந்த நிறுவனம் பிஎஃப் தளத்தில் ஏற்றவே இல்லை என்றால்? இன்னும் அங்கேயே வேலை பார்ப்பதுபோலத் தெரியும். அல்லது 12-ம் தேதி விலகியவருக்கு மாதக் கடைசியைப் போட்டுவிட்டால், புதுக் கம்பெனியில் சேர்ந்த தேதியோடு மோதும். பார்ப்பவர்களுக்கு அது மூன்லைட்டிங் மாதிரித் தெரியும். நிஜத்தில் அது ஒரு குமாஸ்தாவின் தேதிப் பிழை.

பொய் அனுபவம் காட்டுகிறவர் காசு கொடுத்து எல்லாத் தாளையும் அச்சுப் பிசகாமல் வைத்திருப்பார். நிஜமாக ஓடியாடி வேலை பார்த்தவரிடம்தான் தாள் இருக்காது. சரிபார்ப்பு முறையின் பெரிய ஓட்டை இதுதான்.

இந்த விஷயம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு இனி இன்னும் முக்கியமாகப் போகிறது. தைவானின் போ சென் குழுமம், உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் 2,302 கோடி ரூபாயில் காலணித் தொழிற்சாலை அமைக்க 2023 ஏப்ரலில் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. 12 ஆண்டுகளில் 20,000 பேருக்கு வேலை என்பது அப்போது சொல்லப்பட்ட கணக்கு. விவசாயக் கூலியும் சின்னப் பட்டறை வேலையும் பார்த்தவர்கள் முதன்முறையாகப் பிஎஃப், இஎஸ்ஐ, அடையாள அட்டை என்ற உலகத்துக்குள் வருவார்கள். முதல் வேலையின் பதிவு சரியாக இருந்தால்தான் இரண்டாவது வேலைக்கு அது கைகொடுக்கும்.

'முரண்பாடு' வேறு, 'உறுதி செய்ய முடியவில்லை' வேறு

ஏஜென்சிகள் தரும் அறிக்கையில் பொதுவாக மூன்று நிறங்கள் இருக்கும்.

பச்சை: எல்லாம் பொருந்துகிறது.

ஆரஞ்சு அல்லது மஞ்சள்: சிறு வித்தியாசம் இருக்கிறது, அல்லது உறுதி செய்ய முடியவில்லை. நிறுவனம் மூடிவிட்டது, மெயிலுக்குப் பதில் இல்லை, ஆவணம் போதவில்லை என்ற காரணங்கள் இதில் வரும்.

சிவப்பு: சொன்னதும் கிடைத்த தகவலும் முரண்படுகின்றன. போலி ஆவணம், மறைக்கப்பட்ட நிறுவனம், பெரிய தேதி வித்தியாசம் போன்றவை.

எத்தனை நாள் வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்வது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் கொள்கைப்படி முடிவு செய்கிறது. இதற்குப் பொதுவான சட்ட அளவுகோல் கிடையாது. ஆரஞ்சு வந்தால் வேலை போய்விட்டது என்று அர்த்தமில்லை. விளக்கம் கேட்பார்கள். அந்த மெயிலுக்குக் கோபமாகவோ பயந்துபோயோ பதில் எழுதாமல், ஆதாரத்தோடு நிதானமாக எழுதினால் பல நேரம் பச்சையாகிவிடும்.

இங்கே ஒரு தீர்ப்பு கவனிக்க வேண்டியது. அரசு வேலைக்கான சரிபார்ப்புப் படிவத்தில் கிரிமினல் வழக்கை மறைத்தவர்கள் தொடர்பான அவதார் சிங் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2016 ஜூலையில் தீர்ப்பளித்தது. தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும், மறைக்கவோ பொய் சொல்லவோ கூடாது என்றது. அதே சமயம், மறைத்தது அற்ப விஷயமா, பெரிய விஷயமா, பதவிக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதையெல்லாம் வேலை தருபவர் எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. அரசு வேலைக்கான தீர்ப்புதான். ஆனாலும் அதில் இருக்கும் பாடம் எல்லோருக்கும் பொது: ஒரு விஷயம் இருக்கிறது என்பதைவிட, அதை மறைத்தார் என்பதுதான் பெரிய குற்றமாக மாறும். மூன்று மாதத்தில் விட்டுவந்த வேலையை ரெஸ்யூமேயில் இருந்து நைசாக எடுத்துவிடுவது பலர் செய்வதுதான். பிஎஃப் பதிவு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ரிலீவிங் லெட்டர் தர மறுத்தால்?

"நோட்டீஸ் பீரியட் முடிக்கலை, லெட்டர் கிடையாது." "பாண்டு போட்டிருக்கீங்க, பணத்தைக் கட்டிட்டு வாங்கிக்கோங்க." இதெல்லாம் அடிக்கடி கேட்கும் வசனங்கள்.

இதில் சட்ட நிலவரம் கொஞ்சம் மாறியிருக்கிறது. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் நமக்கு வேண்டிய மூன்று அம்சங்கள்:

ஒன்று, பணி நியமனக் கடிதம். 'வாய்வார்த்தையில் வேலைக்கு வா' என்பது இனி சரிவராது. வேலைக்கு எடுப்பவர் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கிறது பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு.

இரண்டு, கான்ட்ராக்ட் தொழிலாளருக்கு அனுபவச் சான்று. அதே தொகுப்பின் 56-வது பிரிவு, ஒப்பந்தத் தொழிலாளர் கேட்டால், அவர் செய்த வேலையின் விவரங்களோடு கான்ட்ராக்டர் அனுபவச் சான்று தர வேண்டும் என்கிறது. 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களை வைத்திருக்கும் இடங்களுக்கு இந்தப் பகுதி பொருந்தும். நம் உதாரணத்தில் வந்த ஒரகடம் வேலைக்கு மருந்து இதில்தான் இருக்கிறது. ஆனால் 'கேட்டால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கேட்காதவருக்குக் கிடைக்காது.

மூன்று, கணக்கு முடிப்பது. ராஜினாமா செய்தாலும் நீக்கப்பட்டாலும் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு.

பாண்டு விஷயம் தனி. மூன்று வருடம் முடிக்காமல் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று விஜயா வங்கி போட்ட நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. 'பாண்டு எல்லாம் செல்லாது, சும்மா கையெழுத்துப் போடு' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

லெட்டர் கிடைக்கவே இல்லை என்றால்? ராஜினாமா செய்த மெயில், அதை ஏற்றுக்கொண்ட பதில், லேப்டாப்பை ஒப்படைத்த ரசீது, கடைசி மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பக்கம் ஆகியவற்றை மாற்று ஆதாரமாக ஏற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. பழைய கம்பெனி மெயில் ஐடி முடங்கிய பிறகு அந்த மெயில்களை எடுக்க முடியாது. ராஜினாமா மெயிலை அனுப்பும்போதே சொந்த மெயிலுக்கும் ஒரு நகல் போட்டுவிடுவது நல்லது.

போலிச் சான்று கொடுத்தால் என்ன ஆகும்?

வேலை போகும் என்பதோடு முடிவதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், ஏமாற்றும் நோக்கத்தோடு போலி ஆவணம் தயாரிப்பது 336(3) பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். போலி என்று தெரிந்தே அதைப் பயன்படுத்துபவருக்கும், தயாரித்தவருக்கு உள்ள அதே தண்டனை உண்டு என்கிறது 340(2).

'எக்ஸ்பீரியன்ஸ் வாங்கித் தர்றோம்' என்று சொல்லும் கன்சல்டன்சிகள் இதைச் சொல்ல மாட்டார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு அவர்கள் போய்விடுவார்கள். ஆவணத்தில் கையெழுத்துப் போட்டு, அப்லோடு செய்து, 'இவை அனைத்தும் உண்மை' என்று டிக் அடித்தது நீங்கள்தான். 'கேப்' இருந்தால் என்ன, இருக்கட்டும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டேன், குரூப் 4-க்குப் படித்தேன் என்று உள்ளதை எழுதினால் அது குற்றமில்லை.

உங்கள் தகவல் மீது உங்களுக்கு என்ன உரிமை?

சரிபார்ப்பு அறிக்கை உங்களைப் பற்றியது. ஆனால் உங்கள் கண்ணில் அது படுவதே இல்லை. இந்தியாவில் இப்போதைய நடைமுறை இதுதான்.

அமெரிக்காவில் 1970-ல் கொண்டுவந்த சட்டத்தின்படி, இப்படியான அறிக்கையைக் காரணம் காட்டி வேலையை மறுப்பதற்கு முன்பு, அந்த அறிக்கையின் நகலையும் உங்கள் உரிமைகள் பற்றிய குறிப்பையும் தர வேண்டும். தவறு இருந்தால் நீங்கள் ஆட்சேபிக்கலாம். ஜெர்மனியில் வேலையை விட்டு விலகும் பணியாளருக்கு எழுத்துப்பூர்வ பணிச் சான்று பெறுவது சட்ட உரிமை.

இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான பிரிவுகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வர வேண்டும். ஒப்புதல் கொடுத்துப் பகிர்ந்த தகவல் என்ன என்று கேட்கவும், தவறைத் திருத்தக் கோரவும் அதில் வழி இருக்கிறது. வேலை சார்ந்த சில தேவைகளுக்கு ஒப்புதல் இல்லாமலேயே தகவலைக் கையாள நிறுவனங்களுக்கு விலக்கும் அதே சட்டத்தில் இருக்கிறது. இரண்டில் எது நம் அறிக்கைக்குப் பொருந்தும் என்பதில்தான் இனி வழக்குகள் வரலாம்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆஃபர் ரத்தானால், "எந்த நிறுவனம், எந்த விவரம் பொருந்தவில்லை?" என்று எழுத்தில் கேளுங்கள். சில ஹெச்ஆர்கள் சொல்வார்கள். சொன்னால் அடுத்த முறைக்காவது திருத்திக்கொள்ளலாம்.

இப்போதே செய்ய வேண்டியவை

வேலை மாறும் எண்ணமே இல்லை என்றாலும், இந்த வேலைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடித்துவிடலாம்.

1. சர்வீஸ் ஹிஸ்டரியைப் பாருங்கள். பிஎஃப் உறுப்பினர் தளத்தில் நுழைந்து 'வியூ' பகுதியில் பார்க்கலாம். நீங்கள் அதைப் பார்ப்பதற்கு முன்பு ஏஜென்சி பார்த்துவிடக் கூடாது.

2. தேதியைத் திருத்துங்கள். விலகிய தேதி ஏறவில்லை என்றால், கடைசித் தவணை விழுந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே ஏற்றலாம். ஆதாரோடு சரிபார்க்கப்பட்ட யுஏஎன் வைத்திருப்பவர்கள் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த, விலகிய தேதி போன்றவற்றை ஆவணம் ஏற்றாமலேயே திருத்தும் வசதி 2025 ஜனவரியில் வந்தது. 2017 அக்டோபருக்கு முன் பெற்ற யுஏஎன் என்றால் முதலாளியின் ஒப்புதல் தேவைப்படலாம்.

3. இரண்டு யுஏஎன் இருக்கிறதா? புதுக் கம்பெனியில் பழைய எண்ணைச் சொல்லாமல் விட்டால் இப்படி ஆகும். பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றிவிடுங்கள்.

4. பிடித்த பணம் கட்டப்பட்டதா? சம்பளச் சீட்டில் பிஎஃப் பிடித்தம் இருந்தும் பாஸ்புக்கில் வரவு இல்லை என்றால், பிஎஃப் நிறுவனத்தின் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் கொடுங்கள். பணமும் போய், வேலை பார்த்த ஆதாரமும் போகும் விஷயம் இது.

5. கான்ட்ராக்ட் வேலையா? ரெஸ்யூமேயில் முதலில் கான்ட்ராக்டர் பெயரை எழுதுங்கள். 'பணியிடம்' என்று போட்டு அடுத்து தொழிற்சாலை பெயரை எழுதுங்கள். இந்த ஒரு வரி 'முரண்பாட்டை' இல்லாமல் செய்துவிடும்.

6. ரொக்கச் சம்பளமா? முடிந்தவரை வங்கிக் கணக்கில் கேளுங்கள். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடம் என்றால் இஎஸ்ஐ பொருந்துமா என்று பாருங்கள். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு அது உண்டு. இஎஸ்ஐ எண்ணும் வேலை பார்த்ததற்கு ஒரு சாட்சிதான்.

7. இ-ஷ்ரம் அட்டை போதுமா? போதாது. அது நாமே நம் தொழிலைச் சொல்லிப் பதிந்துகொள்வது. யாரிடம், எப்போதில் இருந்து எப்போது வரை வேலை பார்த்தோம் என்று அது சொல்லாது.

8. ஓடிபி கொடுக்காதீர்கள். சரிபார்ப்பு என்ற பெயரில் யுஏஎன் பாஸ்வேர்டு, ஓடிபி கேட்டு வரும் போன்களில் மோசடிப் பேர்வழிகளும் இருக்கிறார்கள். சர்வீஸ் ஹிஸ்டரி பக்கத்தை நீங்களே பதிவிறக்கி அனுப்பலாம். நிறுவனத்தின் போர்ட்டல் என்று சொன்னால், ஹெச்ஆரிடம் அதை உறுதி செய்த பிறகே நுழையுங்கள். 'வெரிஃபிகேஷன் கட்டணம்' என்று உங்களிடம் பணம் கேட்டால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

9. இப்போதைய கம்பெனியைக் கேட்கலாமா என்ற கேள்விக்கு 'இப்போது வேண்டாம்' என்று டிக் செய்யுங்கள். ராஜினாமா செய்வதற்கு முன் அங்கே மெயில் போய்விட்டால் இருக்கும் வேலைக்கும் ஆபத்து. விலகிய பிறகு கேட்டுக்கொள்ளும் வழக்கம் பரவலாக உண்டு.

10. மூடிப்போன கம்பெனியா? அதை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். அவர்களாகக் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

கம்பெனிகள் என்ன செய்யலாம்?

பட்டியல் முழுக்க வேலை தேடுபவருக்கே போட்டாயிற்று. நியாயமாகப் பார்த்தால் பாதி வேலை எதிர்ப்பக்கம் இருக்கிறது. பிஎஃப் இல்லை என்பதாலேயே வேலை பார்க்கவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. 20 பேருக்குக் கீழ் உள்ள இடம், பிஎஃப் வராத பயிற்சிக் காலம், முதல் வேலையிலேயே அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாயைத் தாண்டியதால் பிஎஃப்-ல் சேராதவர் என்று நேர்மையான காரணங்கள் பல உண்டு. 'உறுதி செய்ய முடியவில்லை' என்று வந்தால் ஒரு போன் போட்டு விளக்கம் கேட்கவும், மாற்று ஆதாரம் தர ஒரு வாரம் அவகாசம் கொடுக்கவும் பெரிய செலவு ஆகாது. ராஜினாமா செய்ய வைத்துவிட்டுப் பிறகு சரிபார்ப்பதைவிட, சரிபார்த்துவிட்டு ராஜினாமா செய்யச் சொல்லலாம். அப்படிச் செய்தாலே பாதிப் பேரின் தலைவலி தீரும்.

அதுவரை, ஆஃபர் லெட்டர் வந்ததும் நீங்கள் ஹெச்ஆரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளமோ லீவோ இல்லை. "பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் சேர்வதற்கு முன்பா, பின்பா? முன்பு என்றால், அது முடிந்த பிறகு நான் ராஜினாமா கொடுக்கலாமா?" என்பதுதான். பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.